பால் பிடித்த பல்

“பால்பல்லுக்கு ஏதும்மா வேரு?”

விழுப்புரத்தில் ஒரு பல் மருத்துவமனையின் வாசல் பெஞ்சில் என் கடைவாய்ப்பல்லின் முறைக்காகக் காத்திருந்தபோது உள்ளேயிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் மயிலத்துப் பக்கத்து ஆயா ஒருவர். மடியில் நான்கு வயதுப் பேத்தி. அவள் கன்னம் ஒருபுறம் புடைத்திருந்தது. பக்கத்தில் ஏழு வயதுப் பேரன், மேல்வரிசை முன்பற்கள் இரண்டும் போய்ப் பொக்கைவாயோடு நின்றான். பேத்தியின் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். ஆயாவோ எத்தனையோ பிள்ளைகளின் விழுந்த பல்லைச் சாணி உருண்டைக்குள் பொதிந்து கூரைமேல் எறிந்தவர். எறிந்தவற்றில் ஒன்றிலும் வேரைக் கண்டதில்லை. கண்டதைத்தான் கேட்டார். “வுழுந்துடப் போற பல்லு. அதுக்குப் போயி வேரு, சிகிச்சைன்னுக்கிட்டு!”

மருத்துவர் சொன்ன விடையைப் பிறகு சொல்கிறேன். சொற்பித்து உள்ளவர்களின் காது எங்கே மாட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கும் தெரியும். என் காது அந்த விடையை விட்டுவிட்டுப் ‘பால்பல்’ என்ற பெயரிலேயே மாட்டிக்கொண்டது.

முதலில் ‘பல்’லைச் சொல்லிப் பாருங்கள். இதழ் கூடிப் பிரிந்து, வாய் சற்றே திறந்து, நாவின் விளிம்பு மேலெழுந்து மேல்வாய்ப் பல்லின் அடியில் போய்ப் பொருந்தி நிற்கும். லகரம் பிறக்கும் இடமாகத் தொல்காப்பியப் பிறப்பியல் காட்டுவதும் அதே இடத்தைத்தான். மேற்பல்லுக்கு அந்நூல் வழங்கும் பெயர் அண்பல், ‘அண்’ என்பது மேல். பல்லைச் சொல்லும் நா பல்லைத் தொட்டுக் காட்டியே சொல்கிறது என்பது தற்செயலாகவே இருக்கலாம். இருந்தாலும் சொல்லிப் பார்க்கும்தோறும் எனக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.

பழைய சொல் இது. மலையாளத்தில் ‘பல்லு’, கன்னடத்தில் பகரம் ஹகரமாகத் தேய்ந்த ‘ஹல்லு’, தெலுங்கில் பன்மையில் ‘பள்ளு’, வடக்கே சார்க்கண்டுக் காடுகளில் பேசப்படும் குருக்கு மொழியில் ‘பல்’, மால்தோவில் ‘பலு’. குடும்பம் முழுதும் ஒரே பல்லால் சிரிக்கிறது. வாயைவிட்டு வெளியேறியும் இந்தச் சொல் வாழ்கிறது. சீப்புக்குப் பல் உண்டு, சக்கரத்துக்குப் பல் உண்டு, குழம்புக்கு நான்கு பல் பூண்டு உண்டு, தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறிப் போடுவதும் உண்டு. வடமொழித் ‘தந்தம்’ வந்தபோது கூட அதற்குத் தமிழர் மனித வாயில் இடம் தரவில்லை. யானைக்குக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எழுத்தில் தந்தசுத்தி என்று சில நாள் திரிந்ததைத் தவிர, நம் வாய்க்குள் இருப்பது இன்றும் பல்தான்.

அந்தப் பல்லின்முன் ‘பால்’ வந்து நிற்கிறது. இலக்கணப்படி பாற்பல், ஈழத்துப் பாடநூல்கள் இன்றும் அப்படியே எழுதுகின்றன. அங்கே மானிப்பாயில் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் என்ற அமெரிக்க மருத்துவர் 19ஆம் நூற்றாண்டிலேயே மருத்துவத்தைத் தமிழில் கற்பித்தார் என்பதை நினைத்தால், அந்த மண்ணில் பாற்பல்லும் பற்சூத்தையும் கூச்சமில்லாமல் புழங்குவது வியப்பில்லை. நம் பக்கத்திலோ பாற்குடம் பால்குடமானது போலப் புணர்ச்சி நெகிழ்ந்து ‘பால்பல்லு’ ஆகிவிட்டது. இது எனக்குக் குறையாகப் படவில்லை. பாற்பல் என்னும்போது இடையில் ஒரு வல்லெழுத்து கடிபடுகிறது. பால்பல்லு என்னும்போதோ லகரம் லகரமாக நாக்கு வழுக்கிக்கொண்டு போகிறது. பல் முளைக்காத குழந்தையும் ஏறக்குறையச் சொல்லிவிடக்கூடிய சொல். கன்னடத்தார் ‘ஹாலுஹல்லு’ என்பார்கள். அதைச் சொன்னால் பல்லில்லாத பாட்டி சிரிப்பது போலவே இருக்கும்.

பால் ஏன் வந்தது? ஆங்கிலத்திலும் செருமனிலும் அது பால்பல்தான். இந்தியில் ‘தூத் கே தாந்த்’, சிங்களத்தில் ‘கிரி தத்’, சீனத்திலும் அப்படியே. இத்தனை மொழிகளும் ஒருவரிடம் ஒருவர் கடன் வாங்கியிருக்க முடியாது. குழந்தையைப் பார்த்த எல்லாருக்கும் இதுவே தோன்றியிருக்கிறது. பழைய கிரேக்க மருத்துவ நூல்களில், முதற்பற்கள் கருவில் பெற்ற ஊட்டத்தாலும் பிறந்தபின் குடித்த பாலாலும் உருவாகின்றன என்ற கருத்து காணப்படுகிறது. பால் உறைந்து பல்லாயிற்று என்று நம் ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நிறத்தைக் குறித்திருக்கலாம், நிலைப்பல்லைவிட முதற்பல் வெளிறி, நீலம் பாய்ந்த வெண்மையாக இருப்பது உண்மை. பாலை மட்டும் உண்ணும் காலத்துப் பல் என்றும் கொள்ளலாம். ஆனால் ஆறாம் மாதத்தில் முதற்பல் எட்டிப் பார்க்கும்போதே சோறு ஊட்டத் தொடங்கிவிடுகிறோம், இரண்டரை மூன்று வயதில் இருபதும் நிறையும்போது பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டு தெருவில் ஓடுகிறது.

எனவே என் மனம் வேறொரு பாலைத் தேடிப் போனது. வயலில் இருக்கிறது அது. நெற்கதிர் பூத்து, மணி கட்டத் தொடங்கும்போது நசுக்கினால் வெள்ளையாய் ஒரு துளி வருமே, அந்தப் பருவத்தைத் தென்னாற்காட்டு உழவர் என்ன சொல்வார்கள்? “கதிரு பால் புடிச்சிருக்கு.” சோளத்துக்கும் கம்புக்கும் அதே சொல்தான். பால் இங்கே உணவில்லை, நிறமில்லை; ஒரு பருவத்தின் பெயர். முற்றுவதற்கு முன், ஆனால் முற்றப்போவது முழுதும் உள்ளே இருக்கும் பருவம். பால்மணம் மாறாத பிள்ளை என்பதும் இந்தப் பொருளை ஒட்டியதே. பால்பல் என்பதை நான் இப்படிப் படிக்கிறேன்: பால் பிடித்த நிலையில் இருக்கும் பல்.

இந்தப் படிப்பில் ஒரு வேடிக்கை உண்டு. கதிர் பால் பிடித்திருக்கும்போது எந்த உழவரும் “எப்படியும் அறுக்கப் போறதுதானே” என்று வயலை விட்டுவிட்டு வரமாட்டார். கதிர்நாவாய்ப்பூச்சி வந்து அமர்ந்து உறிஞ்சுவது இந்தப் பாலைத்தான். ஒரு வாரம் அசந்தால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே மணி இராது, வெறும் பதர். வயலில் பால் என்றால் காவல். வாயில் பால் என்றால் மட்டும் நமக்கு அலட்சியம். ஒரே சொல், ஒரே ஊர், ஒரே ஆயா.

அலட்சியத்துக்குக் காரணம் பாலில் இல்லை, அதனோடு சேர்ந்து வரும் வினையில் இருக்கிறது என்று நினைக்கிறேன். பால்பல் என்றாலே அடுத்த சொல் ‘விழும்’. ஆங்கில மருத்துவப் பெயரும் உதிர்வதையே குறிக்கிறது. இலையுதிர் காட்டுக்கு அவர்கள் வைத்த அதே அடைமொழியைத்தான் இந்தப் பல்லுக்கும் வைத்தார்கள். தமிழில் உதிர்வதும் விழுவதும் ஒன்றல்ல. பூ உதிரும், பழுத்த இலை உதிரும். தன் நேரம் வந்து, பற்று விட்டு, வலியில்லாமல் நிகழ்வது உதிர்தல். விழுதலுக்கு நேரம் கிடையாது. முன்பற்கள் ஆறு ஏழு வயதில் உதிர்கின்றன என்பதைக் கண்ணால் கண்டு, எல்லாப் பால்பல்லும் அப்படியே என்று கணக்கிட்டுவிடுகிறோம். பின்னால் இருக்கும் பால் கடைவாய்ப்பற்கள் எட்டும் பத்து முதல் பன்னிரண்டு வயதுவரை நின்று அரைக்க வேண்டியவை. அந்த நான்கு வயதுப் பேத்தியின் பல்லுக்கு இன்னும் ஆறேழு ஆண்டு வேலை பாக்கி இருந்தது.

விழுதல் என்றதும் ஊர்ப்பெயர் இடறுகிறது அல்லவா? விழுப்புரத்தின் ‘விழு’வில் வீழ்ச்சியைக் கேட்டுச் சிரிக்கும் வெளியூர்க்காரர்கள் உண்டு. அவர்களுக்கு நான் தொல்காப்பிய உரியியலைக் காட்டுவேன். ‘விழுமம்’ அங்கே சீர்மையும் சிறப்பும் இடும்பையும் ஆகிய மூன்றையும் குறிக்கிறது. விழுப்பொருள், விழுமியம் எல்லாம் அந்தக் கிளை. மேன்மையும் துன்பமும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கும் விந்தையைப் பல்வலி கண்டவர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். திண்டிவனமும் பல்லோடு தொடர்பில்லாத ஊர் அல்ல. திந்திரிணி என்பது வடமொழியில் புளி. புளியங்காடாயிருந்த இடம் திந்திரிணிவனம், அது தேய்ந்து திண்டிவனம் என்பது வழிவழிச் செய்தி, அவ்வூர்ச் சிவனும் திந்திரிணீசுவரர்தான். புளியங்காய் கடித்தால் என்ன ஆகும்? பல் கூசும். கூச்சம் என்பது மனத்துக்கும் பல்லுக்கும் தமிழ் பொதுவில் வைத்த உணர்ச்சி.

இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று பேருந்தில் வந்தால் கரும்பும் நெல்லும் மல்லாட்டையும் மாறி மாறி வரும். மல்லாட்டையை நிலக்கடலை என்று எழுதினால் இந்தப் பக்கத்தில் யாரும் தன் வயலை அடையாளம் காணமாட்டார்கள். மணிலாவிலிருந்து வந்த கொட்டை மணிலாக்கொட்டை. அது மல்லாக்கொட்டையாகி, வாய்க்கு வாய் தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. விற்பனைக்கூடங்களில் இன்றும் மணிலா என்றே விலை கூறுவார்கள். திண்டிவனத்து எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் 1940இல் தந்த டி.எம்.வி. 2 இந்தியா முழுதும் விதைக்கப்பட்டது. அந்தப் பெயரின் மூன்று எழுத்தும் திண்டிவனத்தின் சுருக்கம். இதை ஏன் இங்கே இழுக்கிறேன் என்றால், பல்லைக் கெடுக்கும் நோயின் பெயர் இந்தக் காட்டிலிருந்துதான் வாய்க்கு வந்திருக்கிறது.

சொத்தை. ஓடு முழுசாய்த் தெரியும்; உடைத்தால் பருப்பு கறுத்துச் சுருங்கி, கசந்து, தூளாகக் கொட்டும். அதுதான் சொத்தை மல்லாட்டை. சொத்தைக் கத்தரிக்காய் உண்டு, சொத்தைப் பாக்கு உண்டு, ஈழத்தில் சூத்தை. நம்மூரிலும் சூத்தை என்ற வடிவம் முதியோர் வாயில் கேட்கும். அழுகலுக்கும் சொத்தைக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். அழுகல் வெளியே தெரியும், மணக்கும், ஈ மொய்க்கும். சொத்தை மறைவானது, மேற்புறம் நன்றாயிருக்க உள்ளே குடைபடுவது. அதனால்தான் நன்றாகத் தோன்றி நிற்காத காரணத்தைச் சொத்தைக் காரணம் என்கிறோம். ‘பற்சிதைவு’ என்று நூல்களில் எழுதுகிறார்களே, சிதைவில் இந்த நுட்பம் இல்லை. இடிந்த கோட்டையும் சிதைவுதான். மருத்துவம் இந்த நோயைப் பற்றிக் கண்டதைச் சொத்தை என்ற சொல் முன்பே வைத்திருக்கிறது: பல்லின் மேலோட்டில் ஊசிமுனைத் துளையாகத் தொடங்கி, உள்ளே மென்மையான பகுதியை அடைந்ததும் அகன்று குடைவதுதான் அதன் வழக்கம். பால்பல்லின் மேலோடு நிலைப்பல்லின் ஓட்டில் ஏறக்குறையப் பாதித் தடிப்பே. உள்ளிருக்கும் உயிர்ப்பகுதி அளவில் பெரிது, மேற்பரப்புக்கு நெருக்கமானது. ஓடு மெல்லிய மல்லாட்டையில் சொத்தை எவ்வளவு விரைவில் பருப்பைத் தொடும் என்று உரித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சொத்தைக்கு இணையாக இன்னொரு பெயரும் உண்டு: பூச்சிப்பல். “பல்லுல பூச்சி உழுந்துடுச்சு” என்றுதான் அந்த ஆயாவும் தொடங்கினார். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை, ஏனென்றால் இந்தப் பூச்சிக்கு மிக நீண்ட வமிசம். பாபிலோனியக் களிமண் பலகை ஒன்றில் ஒரு புழு கடவுளிடம் போய்ப் பழங்கள் வேண்டா, பல்லுக்கும் ஈறுக்கும் இடையே குடியிருக்க இடம் தா என்று கெஞ்சுகிறது. சுசுருதர் பல்நோய்களில் ஒன்றுக்குக் கிருமிதந்தகம் என்று பெயரிட்டார். அவர் நாளில் கிருமி என்றால் புழு. நம் ஊர்களில் கண்டங்கத்தரி விதையை நெருப்பிலிட்டு அந்தப் புகையை வாய்க்குள் பிடிக்கச் செய்து, நீர் வைத்த கிண்ணத்தில் “பார், பூச்சி விழுந்தது” என்று காட்டுவார்கள். ஐரோப்பாவிலும் அதே வித்தையைக் கண்டங்கத்தரியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையால் செய்தார்கள். கிண்ணத்தில் விழுந்தவை சூட்டில் வெடித்த விதையின் முளைத்துணுக்குகள். பிரெஞ்சு மருத்துவர் பியர் ஃபோசார் 1728இல் தன் நூலில் பல் புழுவை மறுத்தார். அதோடு பூச்சி செத்தது என்று பார்த்தால், 1890இல் வில்லோபி மில்லர், வாயில் வாழும் நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு புளிப்பை உமிழ்கின்றன, அந்தப் புளிப்பே பல்லைக் கரைக்கிறது என்று காட்டினார். 1924இல் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து அந்த உயிர்களில் ஒன்றைப் பிரித்தெடுத்துப் பெயரும் வைத்தார். கண்ணுக்குத் தெரியாத அவற்றைத் தமிழில் சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தபோது, புழு என்ற பழம்பொருளை உதறிவிட்டுக் கிருமி முன்வந்து நின்றது. பூச்சி வெளியேறி, கிருமி என்ற பெயரில் திரும்பி உள்ளே வந்துவிட்டது. கெடுப்பது புளிப்பு என்ற மில்லரின் முடிவைக் கேட்டால் புளியங்காட்டு ஊர்க்காரர்கள் தலையாட்டுவார்கள்.

அந்த உயிர்களுக்குத் தீனி எது? சர்க்கரை. இந்தப் பக்கத்தில் ‘சக்கரை’ என்றால் வெள்ளைச் சர்க்கரை. தெற்கே போனால் சீனி. சர்க்கரை என்ற வடசொல்லின் முதற்பொருள் பருமணல், சரளை. பல்லில் கல் கடிபட்டாற்போல என்ற உவமையைச் சொல்லின் வேரே வைத்திருக்கிறது. முண்டியம்பாக்கத்தில் சர்க்கரை ஆலையும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ஒரே ஊரில் இருப்பதைப் பேருந்துச் சன்னல் வழியே பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சொல் நினைவுக்கு வரும்.

குழந்தைக்குச் சர்க்கரை போகும் வழி பால்புட்டி. இரவில் சர்க்கரை கரைத்த பாலோடு புட்டியை வாயில் வைத்தபடி உறங்கும் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கும் முதலில் கறுக்கும். கீழ்ப்பற்களை நாக்கும் உமிழ்நீரும் மறைத்துக் காக்கும். பால்பல்லைப் பால்புட்டி தின்கிறது. இந்த நிலைக்கு 1962இல் எலியாசு ஃபாசு என்ற அமெரிக்க மருத்துவர் வைத்த பெயர் புட்டியையே சுட்டியது. பெயரில் புட்டி இருந்ததால் பழியும் ஊட்டிய தாயின்மேல் போயிற்று. புட்டி மட்டுமே காரணமில்லை என்று தெரிந்தபின், 1994இல் அமெரிக்காவில் கூடிய வல்லுநர்கள் புட்டியைப் பெயரிலிருந்து எடுத்துவிட்டு, இளங்குழந்தைப் பருவச் சொத்தை என்ற பொருளில் புதுப்பெயர் சூட்டினார்கள். நோய் மாறவில்லை, குற்றவாளிக் கூண்டிலிருந்து ஒரு தாய் இறங்கினாள்.

பால் பால் என்று வரும்போது பால்வாடியை விட்டுவிட முடியுமா? அங்கன்வாடி என்று அரசு எத்தனை பலகை மாட்டினாலும் ஊரில் அது பால்வாடிதான். ‘பால்’ இங்கே நம் பால் அன்று. வடமொழிப் பாலன், அதாவது குழந்தை. ‘வாடி’ என்பது தோட்டம். தாராபாய் மோடக் 1945இல் பம்பாய் மாகாணத்துக் கடலோரப் போர்டியில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடத்தத் தொடங்கிய பள்ளிகளோடு பரவிய பெயர் இது. தமிழ்க்காது அதைப் பாலாகவே கேட்டது. பால் குடிக்கிற பிள்ளைகள் போகிற இடம் என்று பொருளும் பண்ணிக்கொண்டது. தவறான பிரிப்புத்தான், ஆனால் என்ன பொருத்தம்! பால்பல் முளைத்து நிறையும் வயது அங்கேதான் கழிகிறது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை பால்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். அது தேட வேண்டிய முப்பது குறைகளில் சொத்தைப் பல்லும் ஒன்று. இந்தப் பேத்தியின் பல்லை முதலில் கண்டதும் அப்படி வந்த குழுதானாம். சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆயா அதை அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிட்டார். விழும் பல்தானே.

இப்போது வேருக்கு வருவோம். மருத்துவர் ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். பால்பல்லுக்கு வேர் உண்டு, நீளமாகவே உண்டு. கடைவாய்ப் பால்பல்லின் வேர்கள் கவட்டையாக விரிந்து நிற்க, அந்தக் கவட்டைக்குள் நிலைப்பல்லின் கரு உட்கார்ந்திருக்கிறது. அது வளர்ந்து மேலேற ஏற, மேலே உள்ள வேர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது. வேர் முழுதும் கரைந்தபின் எஞ்சுவது தலை மட்டும். ஆயா கூரைமேல் எறிந்தது அதை. “நீங்க பார்த்தது வேலை முடிஞ்ச பல்லு ஆயா. இது வேலை பார்க்கிற பல்லு” என்றார் மருத்துவர். உதிர்தலுக்கும் விழுதலுக்கும் நான் மேலே அரைப்பக்கம் எழுதிக் காட்டிய வேறுபாட்டை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்.

சொத்தை ஓட்டளவில் நின்றிருந்தால் சுரண்டி அடைத்திருப்பார்கள். “சிமெண்டு வெக்கிறது” என்பார்கள் நம் மக்கள். நாகரிகக் குறைவான சொல் என்று நினைக்க வேண்டா. பல்லின் உயிர்ப்பகுதியை மூட 1990களிலிருந்து பயன்படும் எம்.டி.ஏ. என்ற மருந்து, வீடு கட்டும் போர்ட்லாண்டு சிமெண்டிலிருந்து பிறந்ததே. சொத்தை பரவாமல் நிறுத்தத் தடவும் வெள்ளிக் கூட்டு மருந்து ஒன்று உண்டு. தடவிய இடம் கன்னங்கரேல் என்றாகும். வெண்மையிலிருந்து பெயர் பெற்ற வெள்ளி இங்கே கறுப்பை எழுதுகிறது. பாதி கரைந்த பல்லின்மேல் கவிழ்க்கும் எஃகுத் தொப்பியையோ ஊரார் “வெள்ளிப் பல்லு” என்கிறார்கள். அதில் வெள்ளி ஒரு குன்றிமணியும் கிடையாது.

உயிர்ப்பகுதிக்கு நூல்களில் கண்ட பெயர் பற்கூழ். ஆங்கிலச் சொல்லின் நேர்ப் பெயர்ப்புத்தான், ஆனால் ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் ஊரில் அது அந்நியமாக ஒலிக்கவில்லை. சொத்தை கூழின் மேற்பகுதியை மட்டும் தொட்டிருந்தால் அந்த மட்டும் வழித்தெடுத்து, வேரில் உள்ள கூழை உயிரோடு விட்டு மூடுவார்கள். முழுதும் செத்திருந்தால் வேர்வரை வழிக்க வேண்டும்; அதன்பின் நிரப்பும் பொருளில்தான் நுட்பம். பெரியவர்களின் வேருக்குள் அடைக்கும் பொருள் மலாய் நாட்டு மரம் ஒன்றின் பால். நம் ஊரில் எருக்கம்பால், ஆலம்பால் என்கிறோமே, அந்த வகைப் பால். பால்பல்லுக்கு மட்டும் அந்தப் பால் ஆகாது. வேர் கரையும்போது கூடவே கரையாமல் நின்று, கீழிருந்து வரும் பல்லை வழிமறிக்கும். ஆகவே கரையக்கூடிய பசையை நிரப்புகிறார்கள். போகிற காலத்தில் போய்விடத் தெரிந்த மருந்து.

அந்தக் குழந்தைக்குக் கூழ் செத்து, வேர்முனையில் சீழ் கட்டியிருந்தது. பழைய சொல் ‘சீ’; பேச்சில் இன்றும் சீப்பிடித்தது என்கிறோம். கன்னடத்தில் அதுவே ‘கீவு’, தெலுங்கில் ‘சீமு’. அருவருத்து நாம் எழுப்பும் ‘சீ’ என்ற ஒலிக்கும் இதற்கும் உறவா என்று கேட்டால், அகராதிகள் பேசாமலிருக்கின்றன, முகம் பேசுகிறது. அந்தச் சீழ் மேலே கன்னத்தை வீக்குவதோடு நிற்பதில்லை. கவட்டைக்குள் இருக்கும் கருவையும் தொடும். தொட்டால், ஆண்டுகள் கழித்து வரும் நிலைப்பல் வெண்திட்டோ பழுப்புக் குழியோ பெற்றுப் பிறக்கும். பாலில் பட்டது மணியில் தெரியும் என்று ஆயாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “கதிரு பால் புடிக்கிறப்ப பூச்சி உழுந்த மாதிரி சொல்லு” என்று அவரே சொன்னார். வாசலில் இருந்த நான் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன்.

பிடுங்கவும் செய்யலாமே என்று கேட்டார் ஆயா. வேர் தேறாது என்றால் பிடுங்கத்தான் வேண்டும் என்றார் மருத்துவர். ஆனால் காலத்துக்கு முன்னே பிடுங்கிய இடத்தைப் பக்கத்துப் பற்கள் சாய்ந்து பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் கம்பி வளையம் ஒன்று பொருத்துவார்கள், உரியவன் வரும்வரை இடம் பிடித்து வைக்கும் துண்டுபோல. பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நாட்டில் அதற்கு இன்னும் ஒரு நல்ல தமிழ்ப்பெயர் அமையவில்லை. நான் ‘இடங்காப்பி’ என்று வைத்துப் பார்க்கிறேன்; காப்பி என்று கேட்டதும் வேறு நினைவு வந்து கெடுக்கிறது. ‘இடக்காவல்’ தேவலை.

இன்னொரு பெயர்க்குழப்பத்தையும் மருத்துவர் அன்று அவிழ்த்தார். பேரனின் வாயைத் திறக்கச் சொல்லி, பால்பற்களுக்குப் பின்னால் புதிதாய் நின்ற கடைவாய்ப் பல்லைக் காட்டினார். ஆறு வயதில் எந்தப் பல்லும் விழாமல் ஓசைப்படாமல் முளைப்பது அது. விழுந்து முளைத்தால்தான் நிலைப்பல் என்று நாம் சொல்லிப் பழகியதால், விழாமல் வந்ததைப் பால்பல் கணக்கில் எழுதிவிடுகிறோம். ஆயுள் முழுதும் அரைக்க வேண்டிய அந்தப் பல்லில் அவனுக்கு அப்போதே ஒரு கறுப்புப் புள்ளி.

பேத்தியின் பல்லை இரண்டு வருகையில் காப்பாற்றிவிடலாம் என்றாயிற்று. கூழ் வழித்து, மருந்து வைத்து, வாயைத் துடைத்து அனுப்பினார்கள். என் முறை முடிந்து நான் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது அவர்களும் அங்கே நின்றிருந்தார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பேத்தி உறங்கிப்போயிருந்தாள். பேரன் பேருந்துப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான். தகரம் நுனிநா அண்பல்லைச் சேரப் பிறப்பது. வகரம் மேற்பல் கீழிதழைத் தொடப் பிறப்பது. இரண்டு ஊரின் பெயரும் முதலெழுத்திலேயே பல்லைக் கேட்கின்றன என்பது அதுவரை எனக்கும் தோன்றியதில்லை. பையனுக்கு இரண்டும் வழுக்கின. ‘திண்டிவனம்’ நாக்கு வெளியே துருத்திக் காற்றாய்ப் போயிற்று. ‘விழுப்புரம்’ எத்தனை முறை முயன்றாலும் ‘இழுப்புரம்’ என்றே வந்தது. ஆயா சிரித்தார்.

“இரு, பல்லு முளைக்கட்டும். அப்புறம் ஊரு பேரச் சொல்லலாம்.”